வித்துராவில் ஒரு வெளிச்சக் கணக்கு

போன மாதம் ஒரு சனிக்கிழமை. இங்கே சிட்னியில் காலை பதினோரு மணி. இட்லிக்கு ஊறப்போட்ட அரிசியை கிரைண்டரில் போட்டுக் கொண்டிருந்தேன். (ஆமாம், எங்கள் வீட்டில் மாவாட்டுவது என் இலாகா. சிரிக்காதீர்கள்!) நாகர்கோவிலில் இருந்து அக்கா போன். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். அந்த நேரத்தில் போன் வந்தாலே நமக்கெல்லாம் வயிற்றில் புளி கரைக்குமே, அப்படித்தான் இருந்தது.

"லே தம்பி, ஒண்ணும் பயப்படாண்டாம். நீ பேங்குல இருக்கியே, இவகிட்ட கொஞ்சம் பேசு. நீ சொன்னா கேப்பா."

'இவ' என்றால் அக்கா மகள். திருவனந்தபுரம் பக்கம் வித்துராவில் இருக்கும் ஐசரில் நான்காம் வருஷம் படிக்கிறாள். அறிவியலுக்கு என்றே மத்திய அரசு நடத்தும் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் அது. ஐந்தாம் வருஷம் முழுக்க ஆராய்ச்சி செய்ய வேண்டும். அதற்கு ஒரு தலைப்பு எடுத்திருக்கிறாள், அதற்குப் பிறகு பிஎச்டி என்கிறாள். கூடப் பள்ளியில் படித்த பிள்ளைகள் எல்லாம் கணினி வேலையில் சம்பளம் வாங்கத் தொடங்கிவிட்டார்கள். அத்தான் அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகிறார். பேரில் ஒரு கல்விக் கடன் இருக்கிறது. அக்காவின் கவலை நியாயமானதுதான்.

அவளிடம் கேட்டேன். "என்ன தலைப்பு மக்ளே?"

"பாலிமர் அலைநடத்திகளோட நேரிலா ஒளியியல் பண்புகள், மாமா."

பி.காம் படித்தவனிடம் இதைச் சொன்னால் என்ன செய்வான்? "நல்லது மக்ளே, யோசிச்சுச் சொல்லுதேன்" என்று வைத்துவிட்டேன். அப்புறம் மூன்று வாரம் ரயிலிலும் பஸ்ஸிலும் இதையேதான் படித்தேன். ஒரு கடன் விண்ணப்பம் வந்தால் அந்தத் தொழிலின் பழைய வரலாற்றைப் பார்ப்பது எங்கள் வழக்கம். அதையே இங்கேயும் செய்தேன். புரிந்ததை எழுதுகிறேன். இயற்பியல் படித்தவர்கள் பிழை இருந்தால் திருத்துங்கள்.

முதலில் ஒரு சின்ன விஷயம். இருட்டில் இரண்டு டார்ச் லைட்டை எடுத்து, ஒரு வெளிச்சம் இன்னொன்றைக் குறுக்கே வெட்டுகிற மாதிரி அடித்துப் பாருங்கள். ஒன்றும் ஆகாது. ஒன்றை ஒன்று கண்டுகொள்ளாமல் போய்விடும், ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து முகம் பார்க்காமல் வரும் நம்மைப் போல. வெளிச்சத்தை இரண்டு மடங்கு ஆக்கினால் அந்தப்பக்கம் வருவதும் இரண்டு மடங்கு. இதுதான் நேர்க்கணக்கு.

நேரிலாக் கணக்கு என்றால்? ஒரு பிக்சட் டெபாசிட்டை நினைத்துக் கொள்ளுங்கள். பணம் கூடினால் வட்டித்தொகை கூடும், விகிதம் அதேதான். ஆனால் நீங்கள் பணம் போடப் போட வட்டி விகிதமே மாறிக்கொண்டு போனால்? ஒளி மிகத் தீவிரமாக இருக்கும்போது, அது போகிற பொருளின் குணமே மாறுகிறது. அந்த மாறின குணம் அதே ஒளியையும், கூட வரும் இன்னொரு ஒளியையும் திருப்புகிறது. அதாவது முகம் பார்க்காத இரண்டு ஒளிக்கும் அந்தப் பொருள் அறிமுகம் செய்து வைக்கிறது. கணினியில் ஒரு மின்சாரம் இன்னொரு மின்சாரத்தைத் தடுக்கிறது, விடுகிறது. அது மாதிரி ஒளியை வைத்தே ஒளியைத் திறந்து மூட முடியுமா என்ற கனவு இங்கேதான் தொடங்குகிறது.

இதன் கதை 1875ல் ஆரம்பம். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கணக்கு சொல்லிக் கொடுத்தவர் ஜான் கெர். கண்ணாடியில் பலமான மின்புலத்தைச் செலுத்தி, அதன் வழியே போகும் ஒளி மாறுவதைக் காட்டினார். அது கெர் விளைவு. 1893ல் ஜெர்மனியின் பிரெடரிக் பாக்கல்ஸ் சில படிகங்களில் இதைவிட நேரான ஒரு விளைவை ஆராய்ந்தார். அது பாக்கல்ஸ் விளைவு. இந்த இரண்டு பெயரையும் ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள், கடைசி வரை வரும்.

அடுத்த ஆள் நம்ம ஆள். படிக்கும்போது நிமிர்ந்து உட்கார்ந்த இடமும் இதுதான்.

1888ல் திருச்சி திருவானைக்காவலில் பிறந்த சி.வி.ராமன் 1907ல் எந்த வேலையில் சேர்ந்தார் தெரியுமா? இந்திய நிதித்துறையில். கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரல்! நம்ம ஜாதி, அதாவது கணக்கு ஜாதி :-) ஆபீசுக்கு முன்னாலும் பின்னாலும் பவுபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆராய்ச்சி. பத்து வருஷம் இப்படியே ஓட்டிவிட்டு, 1917ல் அரசு வேலையை விட்டு, குறைந்த சம்பளத்துக்குக் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். அவர் வீட்டில் அன்றைக்கு என்ன பேச்சு நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். நம் அக்காக்கள் பேசுகிற பேச்சாகத்தான் இருந்திருக்கும்.

1928 பிப்ரவரி 28 எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தைய வருஷம் நடந்தது எனக்கு இப்போதுதான் தெரியும். 1927ல் ராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ்.கிருஷ்ணனும் சேர்ந்து கெர் விளைவுக்கு விளக்கம் எழுதினார்கள். திரவத்தில் உள்ள மூலக்கூறுகளின் வடிவத்துக்கும், மின்புலத்தில் அவை ஒரு பக்கமாகத் திரும்புவதற்கும், ஒளி மாறுவதற்கும் உள்ள உறவைக் கணக்காகப் போட்டார்கள். மூலக்கூறுகளை ஒரே பக்கம் பார்க்க வைப்பது. அறுபது வருஷம் கழித்து பாலிமர்க்காரர்கள் செய்ததும் இதே வேலைதான்.

ஆனால் அன்றைக்கு விளக்குதான் போதவில்லை. ஒளியே பொருளின் குணத்தை மாற்ற வேண்டும் என்றால் மிகத் தீவிரமான ஒளி வேண்டும். 1960ல் மைமன் லேசரைக் காட்டினார். அடுத்த வருஷமே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பிராங்கன் குழு, 694.3 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசரை குவார்ட்ஸ் படிகத்துக்குள் அனுப்பியது. வெளியே மிக மிகக் கொஞ்சமாக, சரிபாதி அலைநீளத்தில் புற ஊதா ஒளி வந்தது. போட்டோ தகட்டில் ஒரு சின்னப் புள்ளி. கட்டுரை அச்சாகும்போது அந்தப் புள்ளியை அழுக்கு என்று நினைத்து அழித்துவிட்டார்களாம். இன்றும் அந்தப் படத்தில் அம்புக்குறி இருக்கிறது, அது காட்டும் இடத்தில் ஒன்றும் இல்லை! ஒரு துறையின் பிறப்புச் சான்றிதழே இப்படி.

சரி, அலைநடத்தி எதற்கு? தோட்டத்தில் ஹோஸ் பைப் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் வேகமாகப் பாயும். ஒளியையும் லென்ஸ் வைத்து ஒரு புள்ளியில் குவிக்கலாம், ஆனால் குவிந்த அடுத்த நொடி விரிந்து போய்விடும். அதை விரியவிடாமல், தலைமுடியை விடப் பல மடங்கு ஒல்லியான ஒரு வாய்க்காலில் சென்டிமீட்டர் கணக்கில் கூட்டிக்கொண்டு போனால்? தீவிரமும் குறையாது, தூரமும் கிடைக்கும். சின்ன விளைவு கூடச் சேர்ந்து சேர்ந்து பெரிதாகும். வாய்க்காலுக்குள் இருக்கும் பொருளின் ஒளிவிலகல் எண் சுற்றியுள்ளதை விடக் கொஞ்சம் அதிகம் இருந்தால் போதும், ஒளி உள்ளேயே முட்டி முட்டிப் போகும். கண்ணாடி இழையிலும் இதே தத்துவம்தான். 1966ல் சார்லஸ் காவ் சொன்னதை 1970ல் கார்னிங் கம்பெனி செய்து காட்டியது. அந்த இழை வழியாகத்தான் இன்றைக்கு நாம் ஊருக்கு வீடியோவில் பேசுகிறோம்.

கண்ணாடி ரொம்ப நல்ல பிள்ளை. ஒளியை அனுப்பும், தொந்தரவு செய்யாது. அதுவே குறையும் கூட. அதன் நேரிலாக் குணம் மிகக் குறைவு. கிலோமீட்டர் கணக்கில் இழை வேண்டும். கட்டைவிரல் அளவு சில்லுக்குள் வேலை நடக்க வேண்டும் என்றால் வேறு பொருள் வேண்டும்.

இங்கேதான் பாலிமர் வருகிறது. பாலிமர் என்றால் பயப்பட வேண்டாம். பிளாஸ்டிக் பக்கெட், அக்ரிலிக் பலகை எல்லாம் அதுதான். இதில் அலைநடத்தி செய்வது தோசை வார்ப்பது மாதிரி. கரைசலைத் தட்டின் நடுவில் ஊற்றி வேகமாகச் சுழற்றினால் மெல்லிய சீரான படலம் வரும். அதன் மேல் அச்சு வைத்துப் புற ஊதா ஒளி காட்டினால், ஒளி பட்ட இடம் கெட்டியாகும், மீதியைக் கழுவிவிடலாம். வாய்க்கால் தயார். பெரிய படிகத்தை உலையில் வளர்ப்பதோடு ஒப்பிட்டால் எவ்வளவு சுலபம்!

சில பாலிமர்களில் இன்னொரு விசேஷம் உண்டு. சங்கிலியில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும். அதில் எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் நிற்காமல் சங்கிலி நெடுக ஓடும். ஒளி வந்து தள்ளினால் சட்டென்று அசையும். 1976ல் பிரெஞ்சு, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து பாலிடைஅசெட்டிலீன் என்ற வகையில் இதை அளந்தார்கள். பிறகு வந்த அளவுகளில் அதன் கெர் குணம் சாதாரண இழைக் கண்ணாடியை விட ஆயிரக்கணக்கான மடங்கு என்று தெரிந்தது. அவ்வளவுதான், 1980களில் 'ஒளிக் கணினி வந்துவிட்டது' என்று ஒரே அமர்க்களம்.

வரவில்லை. தீவிரமான ஒளியைப் பொருள் திருப்புவதோடு நிற்காமல் இரண்டிரண்டு ஃபோட்டானாக விழுங்கவும் செய்கிறது. விழுங்கினால் சூடு. இந்த இரட்டை விழுங்கல் ஒளி சுவிட்சுக்கே ஓர் எல்லை போடுகிறது என்று 1989ல் ஜார்ஜ் ஸ்டெக்மன் உள்ளிட்ட குழு எழுதியது. எங்கள் பாஷையில் சொன்னால், வட்டி வரவை விட வாராக் கடன் அதிகம்.

இன்னொரு கிளை பாக்கல்ஸ் பக்கம் போனது. ஒளியை ஒளியால் திருப்புவது கஷ்டம் என்றால் மின்சாரத்தால் திருப்புவோம். அப்போது கணினியின் மின் துடிப்பை ஒளித் துடிப்பாக மாற்றி இழையில் அனுப்பலாம். இதற்கு மூலக்கூறுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். பாலிஸ்டர் துணிக்குச் சிவப்பு ஏற்றுகிற ஒரு வகைச் சாயத்தை அக்ரிலிக்கில் கலந்தார்கள். இளகும் வரை சூடாக்கி, மின்புலத்தில் நிறுத்தி, அப்படியே ஆறவிட்டார்கள். 1986ல் அமெரிக்காவில் இது நடந்தது. ராமனும் கிருஷ்ணனும் கணக்குப் போட்ட அதே 'திருப்பி நிறுத்தல்', இப்போது திடப்பொருளில்.

ஆனால் ஹெட்மாஸ்டர் மேடையில் நிற்கும் வரைதானே பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள்? அவர் தலை மறைந்ததும் கலைந்துவிடும். அது மாதிரி மின்புலத்தை எடுத்த பிறகு, நாளாக நாளாக, சூடு படப் பட, மூலக்கூறுகள் கலைய ஆரம்பித்தன. அவற்றைக் கலையாமல் பூட்டி வைப்பது எப்படி என்பதில் அடுத்த பல வருஷங்கள் போயின. 2000ல் லாரி டால்டன், வில்லியம் ஸ்டியர் முதலானோர் 0.8 வோல்ட்டில் வேலை செய்யும் பாலிமர் கருவியைக் காட்டினார்கள். வழக்கமான லித்தியம் நியோபேட் படிகக் கருவிக்கு அப்போது பல வோல்ட் வேண்டும். டார்ச் பேட்டரியே போதும் என்கிற நிலை!

அடுத்த வருஷம்தான் 2001. அந்த வருஷத்தை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். தொலைத்தொடர்புக் கம்பெனிகள் சரிந்தன. ஒளிக் கருவி செய்த ஜேடிஎஸ் யூனிஃபேஸ் ஒரே நிதியாண்டில் 5,000 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் காட்டியது. நார்டெல் தள்ளாடித் தள்ளாடி 2009ல் திவால் மனு கொடுத்தது. என் கல்லூரி நண்பன் ஒருவன் (கம்பெனி பெயர் வேண்டாம்) ஒளியிழைக் கருவிகளில் வேலை பார்த்தவன், மூன்று மாதக் குழந்தையோடு விசா கெடுவை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த முகம்தான் அக்கா பேசும்போது எனக்குள் வந்து நின்றது. அவன் படித்த இயற்பியல் எதுவும் தப்பில்லை. சந்தை தயாராக இல்லை, அவ்வளவுதான்.

அப்புறம் என்ன ஆனது? ஆராய்ச்சி சாகவில்லை. சிலிக்கான் சில்லில் வெட்டிய மெல்லிய இடைவெளியில் இந்தச் சாய பாலிமரை நிரப்பும் வழியை ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ போன்ற இடங்களில் வளர்த்தார்கள். இப்போது டேட்டா சென்டர்கள் மின்சாரத்தை அரிசி மூட்டை மாதிரி தின்பதால், குறைந்த வோல்ட்டில் ஓடும் கருவிக்கு மறுபடி மவுசு. போட்டிக்கு மெல்லிய படல லித்தியம் நியோபேட்டும் இருக்கிறது. யார் ஜெயிப்பார்கள் என்று நான் சொன்னால் அது ஷேர் மார்க்கெட் ஜோசியம் ஆகிவிடும்.

இந்தியாவில்? 1995ல் கொச்சிப் பல்கலைக்கழகத்தில் ஒளியனியலுக்கு என்றே பன்னாட்டுப் பள்ளி தொடங்கினார்கள். பேராசிரியர்கள் வல்லபன், நம்பூதிரி, ராதாகிருஷ்ணன் வழிகாட்டலில் சாயம் கலந்த பாலிமர் படலம், பாலிமர் இழை என்று அங்கே நிறைய வேலை நடந்திருக்கிறது. நம் திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் எம்.லட்சுமணன், ஆர்.ராதாகிருஷ்ணன் இருவரும் பின்லாந்தின் ஹியடரின்டாவோடு சேர்ந்து 1997ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். இழையில் போகும் சாலிட்டான் என்கிற கலையாத ஒளித் துடிப்புகள் இரண்டு மோதும்போது, தங்களுக்குள் ஆற்றலைப் பரிமாறிக்கொண்டு பிரியலாம் என்பது அது. அதைப் படித்து, மோதலை வைத்தே கணக்குப் போடலாமே என்று அமெரிக்காவில் 1998ல் எழுதினார்கள். ஒளி ஒளியோடு பேசுகிற கதையில் திருச்சிக்கு இரண்டு முறை இடம்!

இனி வித்துரா. திருவனந்தபுரத்தில் இருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடி போகிற பாதையில் மலையடிவாரத்து ஊர். நாலு வருஷம் முன்பு லீவில் போனபோது, அவளைக் கொண்டுவிட நானும் போயிருந்தேன். ரப்பர் தோட்டம், மழை, மறுபடி ரப்பர் தோட்டம். அங்கிருந்து போணக்காடு எஸ்டேட்டுக்கு ரோடு பிரிகிறது. தேயிலை பறிக்கத் தமிழ்நாட்டில் இருந்து போன குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்த இடம். அகத்தியர்கூடம் மலை ஏறுவதும் அங்கிருந்துதான். தமிழுக்கு இலக்கணம் சொன்னதாக நாம் கும்பிடுகிற அகத்தியர் மலைக்குக் கீழே லேசர் கூடம். 2008ல் திருவனந்தபுரம் இன்ஜினியரிங் கல்லூரி வளாகத்தில் தற்காலிகமாகத் தொடங்கி, பிறகு வித்துராவில் இடம் பிடித்த நிறுவனம் அது.

இன்னொரு ஆச்சரியமும் உண்டு. நான் ஆபீஸ் போகிற பஸ் பரமட்டா ரோட்டில் சிட்னி பல்கலைக்கழகத்தைத் தாண்டித்தான் போகும். 2011ல் அங்கே ரவி பந்த், பெஞ்சமின் எகில்டன் முதலானோர், கான்பெராவில் செய்த 7 சென்டிமீட்டர் அலைநடத்தியில் ஒரு பழைய விளைவைச் சில்லுக்குள் கொண்டு வந்தார்கள். ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த மிருதுவான கண்ணாடி. அதில் ஒளி போகும்போது நம் காதுக்கு எட்டாத ஓர் ஒலி அலையை எழுப்புகிறது, அந்த ஒலி ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. 1922ல் பிரெஞ்சுக்காரர் பிரில்லுவன் சொன்ன விளைவின் தீவிர வடிவம். அந்த ரவி பந்த் பிறகு ஆசிரியராகப் போய்ச் சேர்ந்த இடம்? வித்துரா! தினமும் நான் கண்டுகொள்ளாமல் தாண்டிய கட்டடத்துக்கும் அக்கா மகள் படிக்கும் மலையடிவாரத்துக்கும் ஒரு கோடு ஓடிக்கொண்டு இருந்திருக்கிறது. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

கடைசியில் ஒரு லெட்ஜர் போட்டேன். கெர் 1875, இழையில் பயன்பட ஏறக்குறைய நூறு வருஷம். பாக்கல்ஸ் 1893, தொலைத்தொடர்பில் சம்பாதித்தது 1980களுக்குப் பிறகு. பிரில்லுவன் 1922, சில்லுக்குள் வந்தது 2011. ராமன் 1928, லேசரில் தீவிர வடிவம் 1962, நெடுந்தூர இழைகளில் ஒளியைப் பெருக்கும் வேலைக்கு வந்தது 2000ஐ ஒட்டி. ஒன்றுகூட வராக்கடன் இல்லை. எல்லாம் வசூலாகிவிட்டது. ஆனால் ஒன்றுகூட, கண்டுபிடித்தவர் கையில் தவணை தவறாமல் வசூலாகவில்லை. நடுவில் யாரோ பொறுத்துக்கொண்டு வட்டி கட்டியிருக்கிறார்கள்.

இந்தக் கணக்கை எந்தக் கிளை மேனேஜரிடம் கொண்டு போனாலும் கையெழுத்துப் போட மாட்டார். நானும் போட்டதில்லை. நாலு வருஷம் முன்னால் அவளுக்கு வித்துராவில் சீட் கிடைத்தபோது, "பி.காம் சேரட்டும், கூடவே சிஏ படிக்கட்டும்" என்று சொன்னவனே நான்தான். அவள்தான் கேட்கவில்லை.

அவளிடம் 2001 கதையை மறைக்காமல் சொன்னேன். பாலிமரோ படிகமோ, நீ எடுக்கும் பொருள் தோற்றாலும் தோற்கலாம் என்றேன். "தெரியும் மாமா. தோத்தாலும் அளக்கப் படிச்சிருவேன்லா?" என்றாள். லேசர் வைக்க, படலம் சுழற்ற, மிகச் சின்ன மாற்றத்தை நம்பகமாக அளக்கத் தெரிந்தவளுக்கு இந்த ஒரு பொருளோடு பிழைப்பு முடியாது என்பதும் உண்மைதான்.

அப்புறம் அக்காவுக்குப் போன் செய்தேன். "எப்ப லாபம் வரும்னு எனக்குச் சொல்லத் தெரியாது அக்கா. அவ படிக்கட்டும். அவ சம்பாதிக்கிற வரைக்கும் லோனுக்கு உள்ள வட்டியை மாசா மாசம் நான் கட்டுதேன். அத்தான்கிட்ட நானே பேசுதேன்."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "நீ மொத வேலையா உன் பிள்ளைக்கு ஒழுங்கா இட்லிக்கு மாவாட்டு லே" என்றாள் அக்கா. எங்கள் ஊரில் சம்மதத்தை இப்படித்தான் சொல்வார்கள்.

முதல் தவணை போன வாரம் அனுப்பியாகிவிட்டது.